முறைத் தண்ணீரில் எழுந்த மெண்டோசா

அர்ஜென்டினா ஒயின் பாட்டில்களின் லேபிளில் பெரும்பாலும் ஒரு பனிமலை இருக்கும். அதன் கீழே மெண்டோசா என்று ஊர்ப் பெயர் இருக்கும். அந்நாட்டின் திராட்சைத் தோட்டப் பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் அந்த ஒரே மாகாணத்தில் இருப்பதால் இதில் வியப்பில்லை. லேபிளைப் படிக்கிறவருக்கு ஊரின் வரலாறும் கூடவே கிடைத்துவிடுகிறது. ஆண்டீஸ் மலையடிவாரத்து மண், குறையாத வெயில், பிரான்சிலிருந்து வந்த மால்பெக் கொடி, இத்தாலியிலிருந்து வந்த உழைப்பாளி எல்லாம் சேர்ந்து ஒயின் பிறந்தது, ஒயினால் நகரம் வளர்ந்தது என்கிற வரலாறு. சுற்றுலாக் கையேடுகள் இதைத்தான் எழுதுகின்றன, ஊர்க்காரர்களும் விருந்தாளிகளிடம் இதைத்தான் சொல்கிறார்கள். இதில் வரும் தகவல் எதுவும் பொய்யில்லை. அவற்றைக் கோத்த வரிசையில்தான் கோளாறு. பாலை நிலத்தில் யார், எந்த முறையில், எவ்வளவு நேரம் தண்ணீர் எடுப்பது என்று தீர்மானித்த ஓர் ஏற்பாடுதான் முதலில் வந்தது. நகரம் அந்த ஏற்பாட்டின் மீது எழுந்தது. ஒயின் வெகுகாலம் கழித்து அதற்குள் குடிவந்த வாடகைதாரர். இடையில் இரண்டு முறை வாடகை கட்ட முடியாமல் திண்டாடியவரும்கூட.

இடத்தைப் பார்த்தாலே விஷயம் பாதி புரியும். பசிபிக் கடலிலிருந்து வரும் மேகம் சிலி நாட்டுப் பக்கமே மழையையும் பனியையும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 6,961 மீட்டர் உயரமுள்ள அக்கொன்காகுவா சிகரம் இருக்கும் அந்தச் சுவரைத் தாண்டிக் கிழக்கே இறங்குவது வறண்ட காற்றுதான். அதில் சூடான ஒரு காற்றுக்கு ‘சோண்டா’ என்று பெயர். அது வீசும் நாளில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார்கள். நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 750 மீட்டரில் இருக்கிறது. ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அதிலும் ஒரு பகுதி ஆலங்கட்டியாக விழும். இந்த மழையை நம்பி எந்தப் பயிரும் விளையாது. மெண்டோசா, துனுயான், தியமாந்தே, அத்துவேல் ஆகிய ஆறுகள் கொண்டுவரும் பனியுருகிய நீர்தான் முதல். கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாகாணத்தில் பாசனம் பெறும் நிலம் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. மக்களில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சிறு பங்கில்தான் வாழ்கிறார்கள். மிச்சமெல்லாம் மலையும் முட்புதரும்.

அப்படியானால் நகரத்தை உண்டாக்கியது மலைதானே, பனியைத் தேக்கி வைத்து உருக்கித் தருவது அதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், மெண்டோசா நகரம் மெண்டோசா ஆற்றின் கரையில் இல்லை என்பது தெரியும். ஆறு மலையை விட்டு வெளியே வந்து, நகரத்துக்குத் தெற்கே பல கிலோமீட்டர் தள்ளிக் கிழக்கு நோக்கி ஓடி, பிறகு வடக்கே திரும்பிப் பாலைக்குள் நுழைகிறது. நகரம் நிற்பது ஒரு கால்வாயின் ஓரத்தில். இன்று அந்தக் கால்வாய்க்குக் குவாய்மயென் தலைவரின் பெயர். அவர் அந்த மண்ணின் உவார்ப்பே மக்களின் தலைவர்களில் ஒருவர். ஆற்றிலிருந்து நீரைப் பிரித்து வடக்கே கொண்டுவரும் அந்தத் தடத்தில் ஒரு பகுதி இயற்கையான ஓடையாக இருந்திருக்கலாம் என்றும், உவார்ப்பேக்களுக்கு இன்கா பேரரசின் பாசன அறிவும் உதவியிருக்கலாம் என்றும் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. யார் எவ்வளவு வெட்டினார்கள் என்பதில் கருத்து வேறுபடலாம். ஸ்பானியர் வந்து சேர்ந்தபோது அங்கே வாய்க்கால்களும் சோளக் கொல்லைகளும் இருந்தன என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மலை பல்லாயிரம் ஆண்டுகளாக நீரைக் கொடுத்துக்கொண்டிருந்த போதிலும், ஊர் உருவானது மனிதர் அதைத் திருப்பிவிட்ட இடத்தில்தான்.

1561 மார்ச் மாதம் சிலியின் ஆளுநர் கார்சியா உர்த்தாதோ தே மெண்டோசா அனுப்பிய பேத்ரோ தெல் காஸ்தியோ மலையைக் கடந்து வந்து, தன் ஆளுநரின் பெயரையே ஊருக்கு வைத்தார். மறு ஆண்டே ஹுவான் ஹுஃப்ரே வந்து ஊரைச் சற்றுத் தள்ளி, வேறு பெயரில் இரண்டாம் முறை நிறுவினார். முன்னவர் வைத்த பெயர் பின்னவருக்குப் பிடிக்காத வழக்கு அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது. இருவருமே ஊரை வைத்த இடம் உவார்ப்பே வாய்க்கால்களின் மேல்தான். அவர்கள் தேடி வந்தது திராட்சைக்கான மண்ணை அல்ல, ஏற்கெனவே நீர் பாயும் வயலையும் அதில் உழைக்கத் தெரிந்த ஆட்களையும். ஆட்களைப் பெற்ற விதம் கொடுமையானது. உவார்ப்பேக்களை ஸ்பானியருக்குள் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பங்கு பெற்றவர்களில் பலர் சந்தியாகோவில் குடியிருந்தார்கள். அதனால் அந்த மக்களைப் பனிக் கணவாய் வழியே சிலிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. தப்பியவர்கள் வடகிழக்கே ஆறு போய் முடியும் குவானகாச்சே ஏரிப் பகுதிக்குள் ஒதுங்கினார்கள். அந்த ஏரிகளைப் பற்றிப் பின்னால் பேசியாக வேண்டும்.

திராட்சை 16-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டதே, பாதிரிமார் பூசைக்கு ஒயின் செய்தார்களே, மாட்டுவண்டிகளில் மெண்டோசா ஒயின் புவெனஸ் அயர்ஸ் வரை போனதே என்பது அடுத்த மறுப்பு. போனது உண்மை. புல்வெளியைத் தாண்டி ஆயிரம் கிலோமீட்டர் பயணம். வண்டி போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும், வெயிலில் ஒயின் புளித்தும் போகும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் தன் துறைமுக வணிகத்தைத் தளர்த்தியதும் ஸ்பானிய ஒயின் கப்பலில் நேராக புவெனஸ் அயர்ஸில் இறங்கியது. மெண்டோசா வண்டிக்காரருக்கு அடி விழுந்தது. ஒயின்தான் ஊரின் உயிர் என்றால் ஊர் அப்போதே நொடித்திருக்க வேண்டும். நொடிக்கவில்லை. அதே வாய்க்கால் நீரைக் குதிரைமசாலுக்குப் பாய்ச்சினார்கள். கிழக்கே புல்வெளியில் வாங்கிய மாடுகள் நெடுந்தூரம் நடந்து இளைத்துப்போய் மெண்டோசா வரும். குதிரைமசால் தின்று சதை பிடித்தபின் உஸ்பயாத்தா கணவாய் வழியே மலையேறி சிலிச் சந்தைக்குப் போகும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், சிலியில் சுரங்கத் தொழில் செழித்திருந்த காலத்தில், மெண்டோசா வயல்களில் பெரும்பங்கு தீவனம்தான். திராட்சை வேலியோரப் பயிராகச் சுருங்கியிருந்தது. அதே மண்ணும் வெயிலும் வாய்க்காலும்தான் இருந்தன, பயிர் மட்டும் மாறிற்று.

1835 மார்ச் கடைசியில் சார்லஸ் டார்வின் போர்த்தியோ கணவாய் வழியாக மெண்டோசாவுக்கு வந்தார். ஊருக்குத் தெற்கே லுஹான் என்ற இடத்தில் தங்கிய இரவில் பெரிய கறுப்புப் பூச்சி ஒன்று அவரைக் கடித்த கதையை மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இன்றும் விடுவதில்லை. அவருடைய வாழ்நாள் நோய்க்கு அதுதான் காரணமோ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அவருடைய மற்ற குறிப்புகள். மனிதத் தலையைப் போல் இரண்டு மடங்கு பெரிய தர்ப்பூசணியை அரைப் பென்னிக்கு வாங்கியதையும், மூன்று பென்னிக்கு அரைத் தள்ளுவண்டி பீச் பழம் கிடைத்ததையும் எழுதியிருக்கிறார். திராட்சையையும் அத்தியையும் ஒலிவத்தையும் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் ஊரை ஒயின் ஊராக எழுதவில்லை. வறண்ட பொட்டலைச் செயற்கைப் பாசனம் இவ்வளவு விளையவைத்திருக்கிறதே என்றுதான் வியந்தார். ஊர் களையிழந்து கிடந்ததாகவும் குறை சொன்னார். இடத்தின் செழிப்புக்குக் காரணம் எது என்று கேட்டால், வந்துபோன ஒருவரே வாய்க்காலைக் கைகாட்டிவிட்டார்.

1861 மார்ச் 20 இரவு நிலம் அதிர்ந்தது. பச்சை மண் செங்கல்லால் கட்டிய ஊர் சில நொடிகளில் சரிந்தது. விளக்குகள் கவிழ்ந்து பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. மதிப்பீடுகள் வேறுபட்டாலும் நகர மக்களில் மூன்றிலொரு பங்காவது மாண்டார்கள் என்பதில் பொதுவான உடன்பாடு உண்டு. அங்கே தங்கியிருந்த பிரெஞ்சு நிலவியலாளர் ஓகுஸ்த் பிராவாரும் இடிபாட்டில் இறந்தார். சான் பிரான்சிஸ்கோ கோயிலின் முறிந்த சுவர்கள் இன்றும் பழைய ஊரில் நிற்கின்றன. புது ஊரை எங்கே கட்டுவது என்று நீண்ட சண்டை நடந்து, கடைசியில் பழைய ஊருக்குத் தென்மேற்கே சான் நிக்கோலாஸ் பண்ணை நிலம் முடிவாயிற்று. 1863-இல் ஹூலியோ பலோஃபே என்ற பிரெஞ்சு நில அளவையாளர் திட்டம் வரைந்தார். நடுவில் ஒரு பெரிய சதுக்கம், அதன் நான்கு மூலைகளுக்கு வெளியே நான்கு சிறு சதுக்கங்கள். வீடு சரிந்தாலும் தெருவில் நிற்பவர்மேல் விழாத அளவுக்கு அகலமான தெருக்கள். மறுபடி அதிர்ந்தால் ஓடி நிற்க இடம் வேண்டுமல்லவா.

இந்த நில அதிர்ச்சிதான் நவீன மெண்டோசாவின் பிறப்பு என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பாலை நகரங்கள் உலகெங்கும் தெருவைக் குறுக்கி நிழல் தேடுகின்றன. மெண்டோசா அதற்கு நேர்மாறாகத் தெருவை அகலமாக்கியது. அப்படிச் செய்தால் கோடையில் ஊர் கொதிக்கும். கொதிக்காமல் காப்பது தெருவின் இரு பக்கமும் நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் ஓடும் ‘ஆசெக்கியா’ என்ற கல் பாவிய வாய்க்காலும், அதில் வேர் நனைத்து நிற்கும் முசுக்கொட்டை, பிளேன் மரங்களும்தான். அந்த மரங்கள் இயற்கையாக அங்கே முளைத்தவை அல்ல, நட்டு வாய்க்கால் நீர் பாய்ச்சி வளர்த்தவை. வீட்டு வாசலுக்கு முன்னால் வாய்க்கால் மேல் சிறு பலகைப் பாலமோ சிமெண்டுப் பாலமோ இருக்கும். இலை விழும் காலத்தில் வாய்க்கால் அடைத்துக்கொண்டு நீர் சாலையில் வழியும். புதிதாக வரும் ஆட்கள் இருட்டில் காலை விட்டு விழுவதும் நடக்கும். வயல் பாசனத்தின் தொழில்நுட்பம் அப்படியே நகரத் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. அது இல்லாமல் பலோஃபேயின் திட்டம் காகிதத்தோடு நின்றிருக்கும்.

இருக்கிற மறுப்புகளிலேயே வலுவானது ரயில். 1885-இல் புவெனஸ் அயர்ஸ் ரயில்பாதை மெண்டோசாவைத் தொட்டது. ஜனாதிபதி ரோகாவே வந்து தொடங்கி வைத்தார். வாரக்கணக்கு நாள்கணக்கானது. புவெனஸ் அயர்ஸில் இறங்கிய லட்சக்கணக்கான இத்தாலியரும் ஸ்பானியரும் சாப்பாட்டோடு ஒயின் குடிக்கிறவர்கள். திராட்சையைப் பயிரிடத் தெரிந்தவர்கள் அதே ரயிலில் மெண்டோசாவுக்கு வந்தார்கள். 1870-களில் சில ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் இல்லாத திராட்சைத் தோட்டம் 1910 வாக்கில் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. ரயில் இல்லாமல் இது நடந்திருக்காது என்பதை மறுப்பவன் வரலாறு எழுதக் கூடாது. ஆனால் அதே பாதை மெண்டோசாவுக்கு முன்பே சான் லூயிஸ் நகரத்தைத் தொட்டுவிட்டது. அங்கும் வெயில் உண்டு, அங்கும் ரயில் நின்றது, சந்தைக்குத் தூரமும் குறைவு. அங்கே ஒயின் தொழில் எழவில்லை. பனியுருகி வரும் பேராறும், அதைப் பங்கிடும் பழைய வாய்க்கால் வலையும் சான் லூயிஸுக்கு இல்லை. ரயில் சந்தையைத்தான் கொண்டுவர முடியும், வயலுக்கு நீரைக் கொண்டுவர முடியாது.

ஆண்டுகளின் வரிசையும் கவனிக்கத்தக்கது. ரயில் வந்தது 1885. மாகாணத்தின் தண்ணீர்ச் சட்டம் நிறைவேறியது 1884. அந்தச் சட்டத்தின் நடுநரம்பு ஒரே விதிதான்: நீர் உரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை விற்றால் நீரும் போகும். நீரை மட்டும் தனியே விற்க முடியாது. இன்று அர்ஜென்டினாவின் அண்டை நாடான சிலியில் நீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்துச் சந்தையில் விற்கலாம். அதை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் எடை தெரியும். அடுத்தது பதிவு. முன்பிருந்தே பாய்ந்த நிலங்களுக்கு நிரந்தர உரிமை, பிற்பாடு சேர்ந்தவற்றுக்கு ஆற்றில் மிச்சம் இருந்தால் மட்டும் கிடைக்கும் உரிமை என்று இரண்டு வகை. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பாசனக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மேற்பார்வைக்கு வைத்தார்கள். மதகைத் திறந்து மூடுகிற ‘தொமேரோ’ நம் ஊர் நீர்க்கட்டி செய்யும் வேலையையே செய்தார்: இன்னாருக்கு இந்தக் கிழமை, இந்த மணியிலிருந்து இந்த மணிவரை. முறை நடுராத்திரியில் வந்தால் நடுராத்திரியில் மண்வெட்டியோடு போய் மடை திறக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலே பொதுப் பாசனத் துறை. 1894-ஆம் ஆண்டு மாகாண அரசியல் சட்டம் அதற்கு ஆளுநரின் கைக்கு எட்டாத தன்னாட்சியைக் கொடுத்தது. இத்தாலியப் பொறியாளர் சேசர் சிப்பொலெத்தி அழைக்கப்பட்டு லுஹானில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டினார். காட்டாற்றின் மனம்போன போக்கு அதன்பின் மதகுக் கணக்குக்குள் வந்தது.

சட்டத்தைச் செய்தவர்கள் நடுநிலைத் தேவதைகள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய வாய்க்கால்களின் தலைமடையில் நிலம் வைத்திருந்த குடும்பங்கள்தான் சட்டமன்றத்திலும் உட்கார்ந்திருந்தன. நிரந்தர உரிமை அவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. 1883-இல் எல் திராபிச்சே பண்ணையை வாங்கிய திபூர்சியோ பெனேகாஸ் 1887-இல் மாகாண ஆளுநரானார். புதிதாகத் திராட்சை நட்டவர்களுக்கு மாகாண வரிவிலக்கு அந்தக் காலத்து ஏற்பாடு. வந்தேறியவர்களுக்கு ‘கொந்திராத்திஸ்தா’ முறை: நிலம் முதலாளியுடையது, கொடியை நட்டு வளர்த்துக் காய்ப்புக்குக் கொண்டுவந்தால் கொடிக்கு இவ்வளவு என்று கூலியும், முதல் சில அறுவடைகளில் பங்கும். அதில் காசு சேர்த்து, பாசன உரிமையுள்ள துண்டு நிலம் வாங்கியவர்கள் உண்டு. ஹுவான் ஹியோல் என்ற இத்தாலியர் பங்காளி ஒருவரோடு சேர்ந்து 1896-இல் தொடங்கிய நிறுவனம் ஒரு தலைமுறைக்குள் உலகின் மிகப் பெரிய ஒயின் ஆலைகளில் ஒன்று என்று பேசப்பட்டது. ஆனால் நீருரிமை இல்லாத நிலத்தை வாங்கியவர் எவரும் முதலாளியாகவில்லை. மால்பெக்குக்கும் இதுவே பொருந்தும். பிரெஞ்சு வேளாண் அறிஞர் மிஷேல் எமே பூஜே மேற்பார்வையில் மாதிரிப் பண்ணைக்கான சட்டம் 1853-லேயே வந்துவிட்டது. அந்தப் பண்ணை வழியே வந்த மால்பெக் கொடி முப்பது ஆண்டு அங்கேயே இருந்தும் நாட்டை மாற்றவில்லை.

ஒயின் நகரம் என்ற கதைக்கு உண்மையான சோதனை ஒயின் விழுந்தபோதுதான். முதல் விழுதல் 1930-களில். உலகப் பொருளாதார மந்தத்தில் குடிப்பவர் கையில் காசில்லை. பீப்பாய்களில் ஒயின் தேங்கியது. விலை அடிமட்டத்துக்குப் போனது. 1934-இல் மத்திய அரசு அமைத்த ஒயின் ஒழுங்குமுறை வாரியம் கொடுத்த மருந்து கடுமையானது. திராட்சைக் கொடிகளைக் காசு கொடுத்து வேரோடு பிடுங்க வைத்தார்கள். தேங்கிய ஒயினைக் கொட்டச் சொன்னார்கள். எங்கே கொட்டுவது? ஊரில் எங்கும் ஓடுகிற வாய்க்கால்தான். பனிநீர் ஓடிய ஆசெக்கியாக்களில் செந்நிற ஒயின் ஓடியது. பார்த்த தலைமுறை அதை மறக்கவில்லை. அந்தக் கசப்பு ஆறுவதற்குள், 1936-இல், மாகாண அரசு திராட்சை அறுவடைத் திருவிழாவை அதிகாரபூர்வமாகத் தொடங்கி ராணியையும் தேர்ந்தெடுத்தது. இன்று ஊரின் பழம் மரபாகத் தோன்றும் அந்த விழா, சரக்கைக் கொட்டிய காலத்துச் சந்தைப்படுத்தல் முயற்சி என்பது பலருக்கு நினைவில்லை.

இரண்டாவது விழுதல் இன்னும் ஆழமானது. 1970 வாக்கில் அர்ஜென்டினாவில் தலைக்கு ஆண்டுக்கு 90 லிட்டர் அளவுக்கு ஒயின் குடித்தார்கள். குழந்தையையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. சோடா கலந்து குடிக்கும் சாதா ஒயின் அது. தரத்தை யாரும் கேட்கவில்லை. பிறகு பீரும் குளிர்பானமும் வந்தன, பழக்கம் தேய்ந்தது. 1980-இல் ஒயின் சந்தையைக் கையில் வைத்திருந்த கிரேக்கோ குழுமம் தன் வங்கியோடு சேர்ந்து கவிழ்ந்தது. மால்பெக் தோட்டம் 1960-களில் இருந்த சுமார் 50,000 ஹெக்டேரிலிருந்து 1990-களின் தொடக்கத்தில் 10,000 அளவுக்குக் குறைந்துவிட்டது. இன்று கொண்டாடுகிற கொடியை அன்று கோடாரியால் வெட்டினார்கள். ஒயின்தான் நகரத்தின் உயிர் என்றால் இந்த இருபது ஆண்டில் நகரம் சுருங்கியிருக்க வேண்டும். பெருநகர மக்கள்தொகையோ பத்து லட்சத்தை நோக்கி வளர்ந்தது. எண்ணெயும் லுஹான் தே குய்யோ சுத்திகரிப்பு ஆலையும் உதவின, மறுக்கவில்லை. அதோடு கொடி பிடுங்கிய நிலத்தில் பூண்டும் தக்காளியும் ஒலிவமும் பழமரமும் வந்தன. நீருரிமை கொடிக்கு உரியதாக இருந்திருந்தால் கொடியோடு போயிருக்கும். நிலத்தோடு கட்டியிருந்ததால் அடுத்த பயிருக்குக் காத்திருந்தது.

1990-களில் ஒயின் தயாரிப்பாளர் நிக்கோலாஸ் கத்தேனாவும் அவரையொத்த சிலரும் கொடியை மலைமேல் ஏற்றியபோது கதை மாறியதே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஊக்கோ பள்ளத்தாக்கில் குவால்தயாரி போன்ற இடங்களில் ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரத்தில் தோட்டம் போட்டார்கள். பகல் வெயில் கொளுத்தும், இரவு குளிரும். காயில் புளிப்பு தங்கும், தோல் தடித்து நிறம் ஏறும். உலகச் சந்தையில் மால்பெக்குக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த உயரம்தான். இங்கே மலைக்கு உரிய பங்கை மலைக்குக் கொடுத்துவிடுவோம். ஆனால் அந்த மேட்டு நிலம் அதுவரை தரிசாகக் கிடந்ததற்குக் காரணம் என்ன? பழைய வாய்க்கால் அவ்வளவு உயரத்துக்கு ஏறாது. பழைய பதிவேட்டில் அந்த நிலத்துக்கு நீர் இல்லை. ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீர்க் குழாயும் வந்தபின்தான் கொடி ஏறியது. கிணறு தோண்டவும் அதே பாசனத் துறையின் அனுமதி வேண்டும். தரிசை ஏக்கர் ஏக்கராக வாங்கிய வெளிநாட்டு முதலீட்டாளர்கள் மண்ணின் கூழாங்கல்லைப் பற்றி நிறையப் பேசினார்கள். ஒப்பந்தம் போடும்போது முதலில் கேட்டது கிணற்று அனுமதியை.

இவ்வளவும் ஓர் ஏற்பாட்டின் புகழ்ச்சியாகப் படலாம். அதே ஏற்பாட்டின் மறுபக்கத்தைப் பார்க்கக் கடைமடைக்குப் போக வேண்டும். மெண்டோசா ஆறு வடக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்த குவானகாச்சே ஏரிகளில் உவார்ப்பே மக்கள் மீன் பிடித்தார்கள், நாணல் கட்டிய தோணியில் போனார்கள், நீர் வடிந்த ஈரமண்ணில் விதைத்தார்கள். மேலே ஒவ்வொரு மதகும் ஒழுங்காகத் திறந்து மூடப்பட, கீழே வந்து சேர்ந்த நீர் குறைந்துகொண்டே போனது. 20-ஆம் நூற்றாண்டில் ஏரிகள் பெரும்பாலும் வற்றி, லவாயே பகுதி மணலும் அல்கரோபோ மரமும் ஆடும் மிஞ்சிய நாடாயிற்று. வாய்க்காலை முதலில் வெட்டியவர்களின் வழிவந்தவர்களுக்கு 1884 சட்டத்தின் பதிவேட்டில் இடமில்லை. ஏரியில் மீன் பிடிப்பதைச் சட்டம் பாசனமாக எண்ணவில்லை. பசுஞ்சோலையும் அதன் கீழ் இருக்கும் பாலையும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல, ஒரே கணக்கின் வரவும் செலவும்.

இந்தக் கணக்கை மெண்டோசாக்காரர்கள் அறியாதவர்கள் அல்லர். 2007-இல் மாகாணம் உலோகச் சுரங்கங்களில் சயனைடு, பாதரசம், கந்தக அமிலம் ஆகியவற்றைத் தடை செய்து 7722-ஆம் எண் சட்டத்தை இயற்றியது. 2019 டிசம்பர் 20-இல் சட்டமன்றம் அந்தத் தடையைத் தளர்த்தியது. ஊக்கோ பள்ளத்தாக்கின் சான் கார்லோஸிலிருந்து மக்கள் நூறு கிலோமீட்டர் நடந்து தலைநகருக்கு வந்தார்கள்; பல்லாயிரம் பேர் தெருவை நிறைத்தார்கள்; அறுவடைத் திருவிழாவின் ராணிகளே எதிர்த்து நின்றார்கள். முழக்கத்தில் ஒயின் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. டிசம்பர் 30-இல் தளர்வு திரும்பப் பெறப்பட்டது.

அதே மாகாணம் தெற்கே அத்துவேல் ஆற்றில் வேறு வேடத்தில் நிற்கிறது. 1940-களின் இறுதியில் எல் நிஹுவில் அணை கட்டியபின் அந்த ஆறு எல்லை தாண்டி லா பாம்பா மாகாணத்துக்குள் போவது ஏறக்குறைய நின்றது. அங்கிருந்த குடும்பங்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தன. 1987-இல் உச்ச நீதிமன்றம் ஆறு இரு மாகாணங்களுக்கும் பொது என்று சொன்னது, நீர் வரவில்லை. வழக்கு திரும்ப வந்தது. 2020 ஜூலையில் நீதிமன்றம் எல்லையில் நொடிக்கு 3.2 கன மீட்டராவது ஓட வேண்டும் என்று இடைக்கால அளவு வைத்தது. தங்கள் பாசனக்காரரின் பதிவு பெற்ற உரிமைக்குப் போக மிச்சம் எவ்வளவு என்பதில் தொங்கிக்கொண்டு மெண்டோசா இன்னும் வாதாடுகிறது. கையில் அது வைத்திருக்கும் ஆவணம் தலைமடையின் பதிவேடு. எதிரே நிற்பவர்கள் கடைமடைக்காரர்கள்.

(தொடரும்)